கூடத் தங்க ஓர் ஆள்

எழுபத்து மூன்று வயதில் என்னை இன்னொரு முறை பெண் பார்க்க வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இல்லை. என்னோடு ஒரே வீட்டில் தங்கலாமா, சரிப்பட்டு வருமா என்று பார்க்க வந்த என் வயதுக் கிழவிகள்.

குவீன்ஸ்டவுனில் நான் இருப்பது அரசாங்கத்தின் ஓரறை வாடகை வீடு. பெயர்தான் ஓரறை, அறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. கதவைத் திறந்தால் கூடம், அதிலேயே இரண்டு கட்டில். ஒரு ஓரத்தில் சமையல், அதற்குப் பின்னால் குளியலறை. துணையில்லாத ஆட்கள் இரண்டு பேராகச் சேர்ந்து கேட்டால்தான் இந்த வீட்டைக் கொடுப்பார்கள். பதினோரு வருடம் என்னோடு அப்படிச் சேர்ந்து இருந்தவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போன வருடம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய துணிமணிகளைச் சொந்தக்காரர் ஒருவர் வந்து எடுத்துப் போனார். கொஞ்ச நாளில் வீட்டு வாடகை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது.

ஆங்கிலக் கடிதங்களைப் பிரித்துப் படித்து, "ஒண்ணுமில்ல, தூக்கிப் போடு" என்றோ, "இது முக்கியம்" என்றோ சொல்வது அந்த அக்காதான். இப்போது அவர் இல்லை. கீழ்த்தளத்தில் முதியோர் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணிடம் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"ஆன்ட்டி, மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள கூட தங்க ஒருத்தர நீங்களே பாக்கணும். இல்லன்னா அவங்க உங்கள வேற யாரோட வீட்லயாச்சும் மேட்ச் பண்ணிருவாங்க."

"வேற வீடுன்னா எங்கம்மா?"

"எங்க இடம் இருக்கோ அங்க லா. புக்கிட் பாத்தோக் பக்கமா இருக்கலாம், வேற எங்கயாச்சும் இருக்கலாம்."

மின்தூக்கியில் மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வேறு ஒருத்தி வீடு என்றால், அவள் தன் அடுப்பை வைத்து, சாமி படத்தை மாட்டி, துணிக்கொடி கட்டி முடித்த வீடு. நான் பெட்டியோடு போய் வாசலில் நிற்க வேண்டும். என் டம்ளரை எங்கே வைப்பது என்று கேட்க எனக்கு வாய் வராது. கேட்காமலே பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, சாகிற வரைக்கும் அதிலிருந்தே துணியை எடுத்து உடுத்திக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். ஒரு முறை மருமகளாக ஒரு வீட்டுக்குப் போனது போதும். மறுபடியும் அப்படிப் போக உடம்பில் தெம்பு இல்லை.

ஆள் தேட வேண்டும் என்றால் பேச வேண்டும். நான் பேசிப் பழகாதவள். நாலாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் எழுப்பி நிறுத்தினால் தெரிந்த பதிலும் மறந்துவிடும். கல்யாணமான பிறகு வீட்டுக்காரர் பேசினார். அவர் போன பிறகு, தேக்காவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் முப்பது வருடம் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன். குழாய்ச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அப்புறம் இந்த அக்கா வந்தார். பக்கத்து வீட்டோடு, மின்சாரம் பார்க்க வந்தவனோடு, மீன் கடைக்காரனோடு, எல்லோரோடும் எங்கள் இருவருக்கும் சேர்த்து அவரே பேசினார். மருந்தகத்தில் டாக்டர் என்னைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டால், "அவளுக்கு முழங்காலு டாக்டர், வலது பக்கம்" என்று அவர்தான் சொல்வார். நான் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சின்ன வயதில் என் குணத்துக்கு வெட்கம் என்று பெயர் வைத்தார்கள். தலை நரைத்த பிறகு அதையே திமிர் என்கிறார்கள்.

முதலில் பார்க்க வந்தவர் ஒரு தமிழ் அம்மா. நிலையத்துப் பெண்தான் விசாரித்து அனுப்பினாள். கடைத்தொகுதி ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்கிறவர். தங்கச்சியையும் கூட்டி வந்தார். காலையிலேயே எழுந்து வீட்டைத் துடைத்து, உளுந்து அரைத்து வடை சுட்டு வைத்திருந்தேன். அவர்கள் உள்ளே வந்ததும் "வாங்க, உக்காருங்க" என்றேன். தட்டில் வடையையும் தேத்தண்ணியையும் கொண்டுவந்து வைத்தேன். வைத்துவிட்டுப் போய் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டேன்.

அது என் வழக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும் வீட்டுக்காரர் உட்கார்ந்து பேசுவார், நான் கொடுத்துவிட்டு அடுப்பங்கரை ஓரம் நின்று கேட்பேன். அக்கா இருந்தபோதும் அப்படித்தான். அன்றைக்கும் கால் தானாக அங்கே போய்விட்டது. உட்கார்ந்து பேச இப்போது வேறு ஆள் இல்லை என்பது தோன்றவே இல்லை. அவர்கள் இருவரும் வடையைத் தின்றார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கு வட," என்றார் தங்கச்சி.

"இன்னும் இருக்கு," என்றேன்.

பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் நிலையத்துப் பெண் மேலே வந்தாள்.

"ஆன்ட்டி, அவங்கள உங்களுக்குப் பிடிக்கலையாமே?"

"ஐயோ, நான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதான் ஆன்ட்டி பிரச்சனை! வந்தவங்க மூஞ்சியக்கூட பாக்காம கிச்சன்ல போய் நின்னீங்களாம். 'அந்த அம்மா எப்ப நாங்க கெளம்புவோம்னு நின்னுட்டே இருந்துச்சு'ன்னு சொல்றாங்க."

மீந்த வடையை ஒரு டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"வட வேணாம் ஆன்ட்டி. பேச்சு வேணும். நாலு பேரோட எப்படிப் பேசறதுன்னு நான் எழுதித் தரேன், மனப்பாடம் பண்ணுங்க. கேள்வி கேட்டாத்தான் எதிர்ல இருக்கறவங்க பேசுவாங்க. அவங்க மேல நமக்கு அக்கறை இருக்குன்னு அவங்களுக்குத் தோணும். சரியா?"

ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையாக எண் போட்டிருந்தாள். முதல் கேள்வி, பிள்ளைகள் எத்தனை பேர். அப்புறம் சொந்த ஊர், பார்த்த வேலை, பிடித்த சாப்பாடு என்று போனது. "ஒரு வாரம் யாரப் பாத்தாலும் பேசிப் பழகுங்க. லிஃப்ட்ல, மார்க்கெட்ல, எல்லா எடத்துலயும்," என்று உத்தரவும் போட்டாள்.

பழகினேன். பக்கத்து வீட்டில் ஒரு சீனக் கிழவி இருக்கிறார். பதினோரு வருடமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையை ஆட்டியதோடு சரி. அவரிடம் எனக்குத் தெரிந்த மலாயில், "சூடா மாக்கான்?" என்றேன். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு "பெலும்" என்றார். இன்னும் இல்லையாம். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நானும் நின்றேன். கேட்டவள் ஏதாவது தரப்போகிறாள் என்று அவர் காத்திருப்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. உள்ளே போய் இரண்டு தோசையைக் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் அதே நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், "பெலும்!" என்றார்.

தேக்கா சந்தையில் நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடைக்காரரிடம், "இன்னிக்கு யாவாரம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன். அவர் கையில் எடுத்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, வெல ஜாஸ்தியா இருக்கா? நேரா சொல்லுங்க. இத்தன வருசமா வாயத் தொறக்காதவங்க திடீர்னு யாவாரத்தப் பத்திக் கேட்டா பயமா இருக்கு."

"இல்லப்பா, சும்மாத்தான் கேட்டேன்."

"சும்மாவா?" என்று பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். "அப்ப சரி, சும்மா நல்லாத்தான் போகுது."

ஒரு வாரம் இப்படி. வீட்டுக்கு வந்தால் பெரிய விருந்துக்குப் பாத்திரம் கழுவியது போல அலுப்பாக இருக்கும். பேசுவதில் இவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அந்த அக்கா பதினோரு வருடம் எனக்காகவும் சேர்த்துச் சுமந்திருக்கிறார். ஒரு நாள்கூட அலுப்பாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

இரண்டாவதாகப் பார்க்க வந்தவர் யாழ்ப்பாணத்து வழியில் வந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட குடும்பம். அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கண்ணாடி, கைப்பை, குடை. வாசலில் செருப்பை ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். இவ்வளவு படித்தவர் என்னோடு எப்படி இருப்பார் என்று அப்போதே நினைத்தேன்.

இந்த முறை நான் அடுப்பங்கரைக்குப் போகவில்லை. தேத்தண்ணியை முன்னாலேயே ஊற்றி மூடி வைத்துவிட்டு, அவருக்கு எதிரில் கட்டிலில் உட்கார்ந்தேன்.

அவர் நன்றாகத்தான் பேசினார். சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நல்ல காத்து வருகுது என்ன? நான் இப்ப இருக்கிற இடத்திலை காத்தே இல்லை," என்றார். ரயிலில் வந்த விவரம் சொன்னார். வழியில் யாரிடமோ இந்த அடுக்குமாடி புளோக் எங்கே என்று கேட்டதும், அவர் தப்பாகக் காட்டி விட்டதும் சொல்லிச் சிரித்தார். இதெல்லாம் பின்னால் யோசித்து எடுத்தது. அந்த நேரத்தில் அவர் பேச்சு ஒன்றும் என் காதில் ஏறவில்லை. என் கேள்வியை எந்த இடத்தில் நுழைப்பது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தேத்தண்ணியைக் குடிக்க வாயை மூடினார். நான் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தன பேரு?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்தார். "இருக்கினம்," என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தாளில் அடுத்து என்ன இருந்தது என்பது எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோனது. சும்மா இருக்கவும் பயம். "எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

அவர் கைப்பையைத் திறந்து எதையோ பார்ப்பது போல் பார்த்து, மூடினார். "நேரமாச்சுது. நான் போட்டு வாறன்." பாதித் தேத்தண்ணி அப்படியே இருந்தது. வாசல் வரை போனேன். அவர் திரும்பிப் பார்க்காமல் மின்தூக்கிப் பக்கம் நடந்தார். குடையை ஊன்றாமல் கையிடுக்கில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

நான் செய்த காரியம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. இந்த புளோக்கில் இத்தனை வருடம் இருக்கிறேன். என்ன வியாதி என்று கேட்பார்கள். என்ன குழம்பு வைத்தாய், எந்த டாக்டர், எந்தக் கடையில் வெங்காயம் நன்றாக இருக்கிறது என்று கேட்பார்கள். பிள்ளைகள் எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிள்ளையோடு சரியாக இருந்திருந்தால் நாங்கள் ஏன் முன்பின் தெரியாத ஆளோடு கட்டில் போட்டுப் படுத்திருக்கிறோம்? ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். எனக்கும் இருக்கிறது. அதை நான் இங்கேயும் எழுதப் போவதில்லை.

அந்த அக்காவை நினைத்துக்கொண்டேன். காலையிலிருந்து விளக்கு அணைக்கிற வரை வாய் ஓயாதவர். ஆனால் பதினோரு வருடத்தில் அந்த ஒன்றை மட்டும் அவர் என்னிடம் கேட்கவில்லை. அவ்வளவு பேச்சுக்கு நடுவே அதைச் சுற்றிச் சுற்றி விலகிப் போயிருக்கிறார். நான் கவனிக்கவே இல்லை.

எனக்குத் தெரிந்திருந்தும் ஏன் கேட்டேன்? படித்த பெண் எழுதிக் கொடுத்தது, அதுவும் முதல் கேள்வியாகப் போட்டது, நமக்குத் தெரிந்ததைவிட அதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா அம்மாவோடு இருக்கிற பிள்ளை. அவளைப் பொறுத்தவரை அது நல்ல கேள்விதான்.

மூன்று மாதத்தில் இன்னும் மூன்று வாரம்தான் மீதி. நிலையத்துப் பெண் வேறு ஆள் பார்க்கிறேன் என்றாள். நான், "அந்த யாழ்ப்பாணத்து அம்மாகிட்ட நான் ஒரு வார்த்த பேசணும்," என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நம்பர் குடுக்கக் கூடாது ஆன்ட்டி, ரூல்ஸ். நான் போன் போட்டுத் தரேன், நீங்க பேசுங்க. தாள் எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

"தாளு வேணாம்மா," என்றேன்.

அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். என் வாழ்க்கையில் நானாக ஒருவரைப் போனில் கூப்பிட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "அம்மா, குவீன்ஸ்டவுன் வீட்லேந்து பேசறேன்," என்றேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே சொன்னேன்.

"நான் கேக்கக் கூடாதத கேட்டுட்டேன். அத என்கிட்ட யாராச்சும் கேட்டிருந்தா நானும் எழுந்துதான் போயிருப்பேன். இனிமே கேக்க மாட்டேன். எப்பவும். எனக்குப் பேசத் தெரியாதும்மா. நீங்க காத்து நல்லா இருக்குன்னு சொன்னீங்க. ஆமான்னு சொல்லியிருக்கணும். அதுகூட சொல்லல. எனக்கு அலுப்பா இருக்கு. வேற வீட்டுக்குப் போக பயமா இருக்கு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, போனை யாரிடம் கொடுப்பது என்று நிலையத்துப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கணினியைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போனில் கனைப்புச் சத்தம் கேட்டது.

"நீங்கள் லைட்டை எத்தினை மணிக்கு நூர்ப்பியள்?"

நூர்ப்பது என்றால் அணைப்பது. எங்கள் சாப்பாட்டுக் கடையில் கணக்கு எழுதிய யாழ்ப்பாணத்துக்காரர் அப்படித்தான் சொல்வார். "ஒம்பதரைக்கு," என்றேன்.

"எனக்குப் பத்து மணி வரை வேதப் புத்தகம் வாசிக்க வேணும்."

"நான் கண்ண மூடிக்கிட்டா வெளிச்சம் தெரியாதும்மா."

"ஃபேன்?"

"மூணுல வைப்பேன்."

"எனக்கு ரெண்டு காணும்."

"ரெண்டே இருக்கட்டும்."

"என்னட்டை ஒரு யேசு படம் இருக்கு. உங்கட முருகனுக்குப் பக்கத்திலை மாட்டினால் உங்களுக்கு ஏதும் ஆட்சேபனையோ?"

"அவருக்கென்னம்மா, பழனியில தனியா நின்னு பழகினவரு. துணைக்கு ஒருத்தர் வந்தா வேணாம்னா சொல்லுவாரு?"

எனக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று தெரியாது. அந்தப் பக்கம் அவர் சிரித்தார். நிலையத்துப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குறட்டை பற்றி, மீன் வாசனை பற்றி, குளியலறைத் தரை காய வேண்டுவது பற்றி இன்னும் கேட்டுக்கொண்டே போனார். காது சூடாகிவிட்டது. கடைசியில்தான், "சரி, ஃபாரத்தை நிரப்புவம்," என்றார்.

அதற்கடுத்த வாரம் இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் தலையில் முக்காடு போட்ட நடுவயது மலாய்ப் பெண். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் பெயர், வயது, பார்த்த வேலை எல்லாம் கேட்டுக் கணினியில் தட்டினார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் சில சொல் புரியும். சில்ட்ரன் என்று அவர் சொன்னது புரிந்தது. ஏன் அவர்களோடு இல்லை என்பதையும் கேட்டுத்தான் எழுதுவார்கள், எனக்கு முன்பே அனுபவம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் விரல்கள் கைப்பையின் பிடியை இறுக்கின.

நான் எழுந்துவிட்டேன்.

"எங்கை போறியள்?"

"தண்ணி குடிச்சிட்டு வரேன்."

தண்ணீர் இயந்திரம் அந்தக் கோடியில் இருந்தது. ஒரு கோப்பை குடித்தேன். தாகம் இல்லை, இன்னொன்றும் குடித்தேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த மலாய்ப் பெண் என்னைப் பார்த்துக் கையசைத்த பிறகுதான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. என்னிடம் மலாயில் கேட்டார். பெயர், வயது. பிறகு, "அனாக் பெராப்பா ஓராங்?"

எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிற மலாய் இந்த ஊரில் பிறந்த எங்கள் வயதுக்காரர் யாருக்கும் புரியும். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த அம்மா குடையையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு எழுந்து, விறுவிறுவென்று அந்தக் கோடிக்குப் போனார். அங்கே சுவரில் டெங்கிக் கொசுவைப் பற்றி ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. மூக்கு படுகிற மாதிரி அதன் முன்னால் போய் நின்று படிக்கத் தொடங்கினார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மலாயில் சொல்வது தமிழில் சொல்வதைவிடக் கொஞ்சம் சுலபமாக இருந்தது. அந்தப் பெண் தட்டிக்கொண்டார். காகிதத்தை என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அந்த அம்மா குடிவரலாம் என்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் கொசுவைத்தான் படித்துக்கொண்டிருந்தார். போய்க் கூட்டி வந்தேன்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் நல்ல வெயில். அவர் குடையை விரித்து என் பக்கமாகவும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். எனக்கு முழங்கால் வலித்தது. காலையிலிருந்து பேசியதில் அலுப்பாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசாமல் படுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"அந்தக் கொசு விசயம் வடிவா எழுதியிருக்கினம்," என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி.

நான் ஒரு மூச்சு விட்டேன்.

"எத்தன நாள்ல முட்ட பொரியுமாம்?" என்று கேட்டேன்.

அவர் சொல்லத் தொடங்கினார்.